‘ஆம்’ என்ற விடைக்கு மட்டும் மதிப்பெண்: அறிவியல் கேள்வி–பதில்

(பதவி உயர்வுக்காகப் பணம் கட்டி ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிடும் வழக்கம் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறோம்.)

கேள்வி: ஆய்வாளரின் விருப்பு வெறுப்புகளை விலக்கிவைப்பதற்காகவே அறிவியல் முறை ஏற்பட்டது. பதவி உயர்வும் பரிசுப் பணமும் சோதனைக் குழாய்க்குத் தெரியாது. பொய்க் கணக்கு எழுதுபவர்களை விட்டுவிடுவோம். நேர்மையாக ஆய்வு செய்பவரின் முடிவை இவை எப்படிப் பாதிக்க முடியும்?
– கல்லூரி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சோதனைக் குழாய்க்குத் தெரியாதுதான். ஆனால் எத்தனை குழாய்களை எடுப்பது, எந்த அளவீட்டை முதன்மையாகக் கொள்வது, எப்போது சோதனையை நிறுத்துவது, ஒத்துவராத அளவீடுகளுள் எதைப் ‘பிழை’ என்று ஒதுக்குவது, கடைசியில் எதைக் கட்டுரையாக்கி எதை அலமாரியில் போடுவது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் மனிதர். இந்த ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று வழிகள் இருக்கும். அவை பெரும்பாலும் அனைத்துமே நியாயமானவையாகத் தோன்றும். ஆய்வாளர் அவற்றுள் ஒன்றை முடிவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிறாரா, பார்ப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருத்துவத்திலும் உளவியலிலும் ஒரு முடிவைப் ‘புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது’ என்று ஏற்பதற்கு 5 விழுக்காடு என்ற எல்லை வழக்கத்தில் உள்ளது. உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோது, தற்செயலாக விளைவு இருப்பதுபோலத் தோன்றிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது என்பதே அதன் பொருள். ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் ஆகிய மூவரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இந்த எல்லை எவ்வளவு எளிதில் கரைந்துபோகிறது என்று காட்டினார்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு அளவீடுகளை எடுத்து நன்றாக வந்ததைச் சொல்வது, முடிவு கிட்டவில்லையென்றால் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்ப்பது, ஆண் பெண் எனப் பிரித்துப் பார்ப்பது, ஒத்துவராத ஒரு பிரிவைக் கைவிடுவது ஆகிய நான்கு சலுகைகளையும் ஒருவர் சேர்த்து எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவை ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 61 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. அதே கட்டுரையில் அவர்கள் மாணவர்களைக் கொண்டு உண்மையாகவே ஒரு சோதனை நடத்தி, ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாக, முறைப்படியான புள்ளியியல் கணக்குடன் ‘நிரூபித்தும்’ காட்டினார்கள். ஓர் எண்ணைக்கூட அவர்கள் புனையவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் மட்டும்தான் கைவரிசை.

பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, பொருந்திய மூன்றை மட்டும் பெண் வீட்டில் சொல்லிவிட்டு வரும் தரகரைப் பொய்யர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் சொன்ன மூன்றும் உண்மை. அவருடைய கமிஷன் கல்யாணம் நடந்தால்தான் கிடைக்கும் என்பதும் உண்மை.

இது தனியொரு ஆய்வில் நடப்பது. துறை முழுவதும் சேர்ந்து இதையே செய்யும்போது என்ன ஆகும் என்பதற்கு மனச்சோர்வு மருந்துகளின் கதையைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும் நிறுவனம், தான் நடத்திய ஆய்வுகள் அனைத்தின் விவரத்தையும் அங்கே கொடுத்தாக வேண்டும். ஆய்விதழுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. எரிக் டர்னர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 மருந்துகளைப் பற்றிய 74 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, நிர்வாகத்தின் கோப்புகளில் இருப்பதையும் ஆய்விதழ்களில் வந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்து 2008ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி மருந்து பலனளித்ததாகக் காட்டிய ஆய்வுகள் 38; அவற்றுள் 37 அச்சேறிவிட்டன. பலனில்லை அல்லது ஐயத்துக்குரியது என்று முடிந்த ஆய்வுகள் 36. அவற்றுள் 22 வெளிவரவே இல்லை, 11 பலன் இருந்ததுபோல் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன, வந்த முடிவை வந்தபடியே சொன்னவை மூன்றே மூன்று. ஆய்விதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு ஆய்வுகள் மருந்துக்குச் சாதகம். கோப்புகளைப் படித்தவருக்கு அது ஐம்பத்தொன்றுதான். இந்த மருந்துகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. எல்லாத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒவ்வொரு மருந்துக்கும் ஓரளவு பலன் இருக்கிறது. இதழ்களில் தோன்றிய அளவுக்கு இல்லை, அவ்வளவே.

கேள்வி: இதெல்லாம் லாபத்துக்காக நடத்தப்படும் மருந்து கம்பெனிகளின் வேலை. ஆய்வை அரசாங்கப் பல்கலைக்கழகங்களிடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா?
– வாசகர், மதுரை

பதில்: தீராது. நீங்கள் கூறும் அதே மருந்துத் தொழில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. ஆம்ஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தில் புற்றுநோய் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த கிளென் பெக்லி, பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்து வந்து பெரும் பெயர் பெற்றுவிட்ட 53 புற்றுநோய்க் கட்டுரைகளைத் தம் குழுவினர் மீண்டும் செய்து பார்த்ததாகவும், அவற்றுள் ஆறை மட்டுமே உறுதிசெய்ய முடிந்ததாகவும் 2012இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த 53 கட்டுரைகள் எவை என்ற பட்டியலை அந்தக் கட்டுரை வெளியிடவில்லை என்ற குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கம்பெனிக்கு எதற்கு இந்த அக்கறை? பிறருடைய கண்டுபிடிப்பை நம்பிப் பல கோடி ரூபாய் போட்டு மருந்தை உருவாக்கிய பிறகு அது பொய்யென்று தெரிந்தால் நட்டம் கம்பெனிக்கு. ஆகவே பிறர் சரக்கை வாங்கும்போது அது கடுமையான அறிவியலாளராக நடந்துகொள்கிறது; தன் சரக்கை விற்கும்போது அதே கம்பெனி வேறு விதமாக நடந்துகொள்கிறது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ கட்டுரை அச்சேறிய அன்றே பலன் கிடைத்துவிடுகிறது. அது பத்து ஆண்டு கழித்துப் பொய்த்துப்போனால் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. தவறான முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்று பார்ப்பது, அரசா தனியாரா என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வாளர். ஒரு மூலிகைச் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று எலிகளில் சோதித்தேன். குறைக்கவில்லை. “ரிசல்ட் வரவில்லை, வேறு செடியை எடுத்துக்கொள்” என்கிறார் என் நெறியாளர். செய்த வேலை எல்லாம் வீண்தானா?
– பெயர் வேண்டாம், திருச்சிராப்பள்ளி

பதில்: ரிசல்ட் வந்திருக்கிறது, நெறியாளர் எதிர்பார்த்தது வரவில்லை. ஆனால் அவரிடம் வாதாடுவதற்கு முன் நீங்கள் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இத்தகைய சோதனைகளில் கிளிபென்கிளமைடு போன்ற, பலன் தெரிந்த மருந்து ஒன்றை ஒரு பிரிவு எலிகளுக்குக் கொடுப்பது வழக்கம். அந்தப் பிரிவில் சர்க்கரை குறைந்திருந்து, மூலிகை கொடுத்த பிரிவில் குறையவில்லையென்றால், எலிகளின் எண்ணிக்கையும் போதுமானதாக இருந்தால், அந்தச் சாறு அந்த அளவில் வேலை செய்யவில்லை என்று துணிந்து சொல்லலாம். இரண்டு பிரிவிலுமே குறையவில்லையென்றால் சோதனையிலேயே கோளாறு. அப்போது நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

முதல் நிலைதான் உங்களுடையது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். “வேறு செடியை எடு” என்ற அறிவுரையை நாட்டிலுள்ள அத்தனை ஆய்வகங்களும் பின்பற்றினால், பலனளிக்காத செடிகள் ஏட்டிலிருந்து மறைந்துபோகும். நாளைக்கு இன்னொரு மாணவி அதே செடியை வாங்கி, அதே எலிகளைக் கொன்று, அதே இடத்துக்கு வந்து சேருவார். இருபது ஆய்வகங்கள் முயன்றால் ஒன்றில் தற்செயலாகச் சர்க்கரை குறைந்ததுபோலத் தோன்றும். அந்த ஒன்று அச்சேறும்.

உளவியல் துறையில் ஆன் ஷீல் முதலியோர் 2021இல் செய்த ஒப்பீடு இதற்குப் பொருந்தும். வழக்கமான கட்டுரைகளில் முதலாவதாகச் சோதிக்கப்பட்ட கருதுகோள் 96 விழுக்காடு கட்டுரைகளில் மெய்யானது. முடிவு தெரிவதற்கு முன்பே, கேள்வியையும் செய்முறையையும் மட்டும் பார்த்து ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரைகளிலோ அது 44 விழுக்காடுதான். கிறிஸ் சேம்பர்ஸ் முயற்சியால் கார்டெக்ஸ் என்ற இதழ் 2013இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பின்னர் நூற்றுக்கணக்கான இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ‘இல்லை’ என்று முடிந்தாலும் கட்டுரை வெளிவரும் என்ற உறுதி கையில் இருக்கும்போது, ‘ஆம்’ என்று ஆக்குவதற்கான காரணம் போய்விடுகிறது.

மருத்துவ ஆய்வுகளில் இதைவிடக் கூர்மையான சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்து நடத்திய பெரிய இதயநோய் ஆய்வுகளை ராபர்ட் கேப்லன், வெரோனிகா இர்வின் இருவரும் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த 30 ஆய்வுகளில் 17, சோதித்த சிகிச்சை பலனளித்ததாகச் சொல்லின. 2000க்குப் பின் வெளிவந்த 25இல் இரண்டே இரண்டுதான் அப்படிச் சொல்லின. நிறுவனம் அதேதான், இடையில் மாறியவற்றுள் முக்கியமானது, எந்த விளைவை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டிய கட்டாயம். அது ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தாலும் பாதிக்கு மேல் இருந்தது பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்கியிருப்பதைப் படித்த எவருக்கும் பழைய ஆய்வுகளைப் பற்றிச் சங்கடம் ஏற்படாமல் இராது.

நீங்கள் செய்யக்கூடியது: செடியை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இந்தச் சோதனையை ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேர்க்க நெறியாளரின் இசைவைக் கேளுங்கள். ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றப்படுவதால், இதழ் ஏற்காவிட்டாலும் அடுத்து வருபவர் தேடும்போது அது கண்ணில் படும்.

கேள்வி: இந்தியாவில் மட்டும் போலி ஆய்விதழ்கள் இவ்வளவு பெருகியது எப்படி?
– வாசகி, சென்னை

பதில்: இந்தியாவில் மட்டுமன்று; ஆனால் நம் நாட்டில் அதற்கு உரம் போட்டது விதிமுறைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றது. 2010ஆம் ஆண்டு விதி, கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை புள்ளி என்று கூட்டி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலாக்கியது. ஆய்வகமோ நேரமோ பணமோ இல்லாத கல்லூரிகளில் வாரம் முழுவதும் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள்மீதும் இதே விதி பாய்ந்தது. இலட்சக்கணக்கானவர்களுக்குத் திடீரென்று கட்டுரை தேவைப்பட்டால், சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் கடைகள் முளைக்காமல் என்ன செய்யும்?

பிறகு நடந்தது ஓட்டையை அடைக்கும் வேலை. 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது, அதற்குள்ளும் போலிகள் புகுந்துவிட்டதால் 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன, 2019இல் அதே குழுவின் யு.ஜி.சி.–கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்தார்கள். இந்த நீண்ட வரிசையில் எனக்குப் பயனுள்ளதாகப் படுவது 2022ஆம் ஆண்டு விதி ஒன்றுதான். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதையே அது எடுத்துவிட்டது. மற்றவை எல்லாம் கடையை மூடப் பார்த்தன. இது வாடிக்கையாளரின் தேவையைக் குறைத்தது. ஆனால் பல நிறுவனங்கள் சொந்த விதிகளின்படி இன்றும் ‘ஸ்கோபஸ் கட்டுரை’ (ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழில் வந்த கட்டுரை) கேட்டுக்கொண்டிருப்பதும் உண்மை. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறதே, கல்லூரி நிர்வாகம் சும்மா இருக்குமா? திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025 முதல் அந்தத் தரவரிசையில் மதிப்பெண் குறைக்கிறார்கள். வரவேற்கலாம். பிடிபட்டவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதை மறக்காமல் வரவேற்கலாம்.

வெளியீட்டாளர்களையும் குறிப்பிட வேண்டும். படிப்பவரிடம் சந்தா வாங்கிய காலத்தில் மோசமான கட்டுரை இதழுக்குச் சுமை. எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டில் ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வரவு. ஹிந்தாவி என்ற வெளியீட்டு நிறுவனத்தை 2021இல் வைலி வாங்கியது. கட்டுரைகளை எழுதி விற்கும் கும்பல்கள் அதன் சிறப்பிதழ்களுக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தது தெரியவர, 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது.

கேள்வி: நல்ல கட்டுரை எழுதுபவருக்கு ரொக்கப் பரிசு கொடுத்தால் ஊக்கமாக இருக்குமே?
– வாசகர், சேலம்

பதில்: சீனாவில் கொடுத்துப் பார்த்தார்கள். நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வரும் ஒரு கட்டுரைக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் 2016இல் சராசரியாக 43,000 டாலருக்கு மேல் கொடுத்தன. ஒரே கட்டுரைக்கு 1,65,000 டாலர் வரை கொடுத்த இடமும் உண்டு. 2020 பிப்ரவரியில் அந்நாட்டு அரசே இந்த வழக்கத்துக்குத் தடை விதித்தது.

கேள்வி: எண்ணிக்கையைக் குறை சொல்கிறீர்கள். அதை எடுத்துவிட்டால் நேர்காணல் குழு தனக்கு வேண்டியவரை எடுத்துக்கொள்ளும். சிபாரிசும் சாதியும் இல்லாதவருக்குக் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் புள்ளிகள்தான். அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: வந்த கடிதங்களுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. ‘படித்துப் பார்த்து மதிப்பிடுங்கள்’ என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் சொல்கிறது. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்கிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் படித்துப் பார்ப்பவர் நடுநிலையானவர் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் யோசனை அது. அந்த அனுமானம் இல்லாத இடத்தில் எண்ணிக்கை ஒரு பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை.

அதே சமயம் எண்ணிக்கை யாரைத் தள்ளிவிடும் என்பதையும் பாருங்கள். இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964இல் தம் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதிய பிறகு வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. இன்றைக்கு எனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று நோபல் பரிசு வாங்கப் போன வேளையில், 2013இல், அவரே சொன்னார். உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோவுக்கு ஆய்வு நிதி கிடைக்கவில்லையென்று பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995இல் அவரைப் பதவி இறக்கியது. ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையான ஆய்வுக்காக அவருக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே புள்ளிகளை ஒழிப்பதற்குப் பதில் எதற்குப் புள்ளி என்பதை மாற்றலாம் என்பது என் கருத்து. விண்ணப்பதாரர் தாமே தேர்ந்து கொடுக்கும் மூன்று நான்கு கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தரவுகளைப் பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்டிருக்கிறாரா, திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்தாரா, பிறருடைய முடிவை மீண்டும் செய்து பார்த்திருக்கிறாரா என்பவற்றுக்குப் புள்ளி கொடுக்கலாம். இவை ஆவணத்தைப் பார்த்து ‘ஆம், இல்லை’ என்று குறிக்கக்கூடியவை; குழுவின் தயவு தேவையில்லை. காலப்போக்கில் இவற்றையும் ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள் என்று நீங்கள் எழுதுவீர்கள். கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரு தரவுத் தொகுதியை முழுதாகப் புனைந்து வெளியில் வைப்பது, பணம் கட்டி ஒரு கட்டுரையை அச்சேற்றுவதைவிடக் கடினம். பிடிபடவும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அறிவியலை நம்பலாமா, கூடாதா?
– மாணவர், புதுச்சேரி

பதில்: தன்னையே சோதித்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்ட துறையை அதிகமாக நம்பலாம். ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழுவினருக்கு 2010 செப்டம்பரில் ஒரு நல்ல சமிக்ஞை கிடைத்தது. பல மாதம் ஆராய்ந்து கட்டுரையும் எழுதி முடித்தபின், 2011 மார்ச்சில், உண்மை விவரத்தை எழுதி மூடிவைத்திருந்த உறையைத் திறந்து பார்த்தார்கள்: குழுவைச் சோதிப்பதற்காக ஒரு சிலர் இரகசியமாகக் கருவியில் செலுத்திய போலிச் சமிக்ஞை அது. இப்படி ஒரு சாத்தியம் உண்டு என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். அதே குழு 2016 பிப்ரவரியில் உண்மையான ஈர்ப்பலையை அறிவித்தபோது உலகம் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

கேள்வி: ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று மருந்துச் செய்திகள் நாள்தோறும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. விவரம் தெரியாத என்னைப் போன்றவர்கள் எதைப் பார்ப்பது?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: மனிதர்களிடம் நடத்திய ஆய்வா, எலிகளிடமா என்று முதலில் பாருங்கள். பாதிச் செய்திகள் அங்கேயே கழிந்துவிடும். இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தியதென்றால், இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின்கீழ் 2007 முதல் இயங்கிவரும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து ஆய்வுகளும் அங்கே பதிவாகின்றன. யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். பதிவுசெய்த தேதியையும் முதல் நோயாளியைச் சேர்த்த தேதியையும் ஒப்பிடுங்கள். பதிவு முந்தியதாக இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் ஆய்வு தொடங்கிய பின் வரும் விண்ணப்பங்களை அங்கே ஏற்பதில்லை. பிறகு ‘முதன்மை விளைவு’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அங்கே ‘மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை’ என்று இருந்து, செய்தியில் ‘நோயாளிகளின் உற்சாகம் கூடியது’ என்று வந்தால், சர்க்கரை என்ன ஆயிற்று என்று அந்தச் செய்தியை அனுப்பியவரிடம் கேளுங்கள்.